வீட்டுக்கு ராட்செட் ஸ்பேனர்: முதலில் நட்டை அளவெடுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்

எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலின் கால் மூலையில் 13 சைஸ் நட்டு ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே நான்கு விரல்தான் நுழையும். சாதா ஸ்பேனரைக் கொஞ்சம் திருப்பி, எடுத்து, புரட்டி, மறுபடி மாட்ட வேண்டும். வீடு மாறியபோது நான்கு கால்களையும் கழற்ற ஒரு காலைப்பொழுதே போய்விட்டது.

ராட்செட் ஸ்பேனரின் வளையத்துக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் நட்டைப் பிடித்துச் சுற்றும். கை திரும்பும்போது டிக் டிக்கென்று நழுவி வரும். ஸ்பேனரை எடுக்கவே வேண்டாம். வளையத்தின் நடுவே திறந்திருப்பதால், நட்டுக்கு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டிலும் இறங்கும்.

படி 1: அளவெடுங்கள்

நட்டின் எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அந்த மில்லிமீட்டர்தான் ஸ்பேனர் சைஸ். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். போல்ட்டின் தடிமன் 8 மி.மீ. என்றால் பெரும்பாலும் 13 சைஸ் ஸ்பேனர் வேண்டும், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10. ஜப்பான் முறையில் வரும் பைக்குகளில் அதே 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 12 ஆகவும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 ஆகவும் இருக்கும். கட்டில், மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி, பைக் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: உதிரியாக வாங்குங்கள்

பன்னிரண்டு பீஸ் செட் பார்க்க அழகாக இருக்கும். பாதி பெட்டியை விட்டு வெளியே வராது. என்னைக் கேட்டால் 10, 12, 13, 14 என்று நான்கே போதும். செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு நல்ல பீஸ் வாங்கிவிடலாம்.

படி 3: கடையில் சோதியுங்கள்

72 பல் உள்ளதாகக் கேளுங்கள். ஒவ்வொரு டிக்கும் 5 டிகிரி, அதாவது கை அவ்வளவு அசைந்தாலே போதும். சாதா ரிங் ஸ்பேனருக்கு 30 டிகிரியாவது இடம் வேண்டும். எஃகு, குரோம் வனேடியம் கலந்த உறுதியான வகையா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஒரு போல்ட்டையும் நட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். நட்டை நாலு சுற்று லேசாக ஏற்றி, ராட்செட்டை மாட்டி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கை திரும்பும்போது நட்டும் கூடவே திரும்பி வந்தால் உள்ளே இறுக்கம் அதிகம். வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வீட்டில் தொல்லை கொடுப்பது இதுதான்.

படி 4: நெம்பா, புரட்டலா?

சிலவற்றில் திசை மாற்ற ஒரு சின்ன நெம்பு இருக்கும். சிலவற்றை அப்படியே புரட்டி மாட்ட வேண்டும். புரட்டும் வகை மெலிசானது, விலையும் குறைவு. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. எதிரே சுவர் இருக்கும் இடத்தில் போல்ட்டைக் கழற்றினால், போல்ட் தலை வெளியே வர வர ஸ்பேனரைச் சுவரோடு நெருக்கிவிடும். வெளியே எடுக்கவும் முடியாது, திருப்பி முறுக்கவும் முடியாது. நெம்பு வைத்ததில் திசையை மாற்றி மீண்டுவிடலாம். முதல் ஸ்பேனருக்கு நெம்பு வைத்ததையே வாங்குங்கள்.

படி 5: வேலையில் இறங்கும்போது

துருப்பிடித்த நட்டை ராட்செட்டால் இளக்கப் பார்க்காதீர்கள், பல் உடையும். முதலில் சாதா ரிங் ஸ்பேனரால் இளக்குங்கள், பிறகு ராட்செட்டை மாட்டுங்கள். கடைசி இறுக்கத்துக்கும் சாதா ஸ்பேனர்தான். கைப்பிடியில் பைப் செருகி நீட்டவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் கை வைக்கும்முன் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு டெர்மினலையும் ஸ்பேனர் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறக்கும்.

டிக் சத்தம் மந்தமானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு நாலைந்து முறை சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும்.