பைன் மரத்தின் நோயை மூலக்கூறுகளில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள குவாசுலு-நட்டால் மாகாண மேட்டுநிலங்களில் பைன் தோட்டங்களையும் நாற்றங்கால்களையும் கவனித்துவரும் நம்மவர்களில் பலர், நுனி கருகிய கிளையை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அறிக்கையில் ஒரு பூஞ்சையின் பெயர் வந்தாலே அதுதான் நோய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதையே நான் முதல் தவறாகக் கருதுகிறேன். டிப்ளோடியா சபினியா என்னும் பூஞ்சை, எந்த நோயும் காட்டாத பைன் மரத்துக்குள்ளும் அடங்கிக் குடியிருக்கக்கூடியது. ஆலங்கட்டி மழை பட்டையைக் கிழித்த பிறகோ வறட்சியில் மரம் தளர்ந்த பிறகோதான் அது கருகலாக வெளிப்படுகிறது. அதன் டிஎன்ஏ கிடைப்பது, அது அங்கே இருக்கிறது அல்லது இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. ஏனெனில் பூஞ்சை இறந்த பிறகும் அதன் டிஎன்ஏ திசுவில் சில காலம் தங்கும். அதனால், பக்கத்தில் நலமாக நிற்கும் மரத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, ஆலங்கட்டி விழுந்த நாளையும் குறித்து அனுப்ப வேண்டும்.

பூஞ்சை இல்லை என்று வரும் அறிக்கையை அப்படியே நம்புவதும் தவறு. பைன் திசுவிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள், டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும் என்பதால், வினை உண்மையில் நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டுச் சோதனை உடன் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். முற்றிலும் உலர்ந்த நடுப்பகுதியை வெட்டாமல், நலமான திசுவும் நோயுற்ற திசுவும் சந்திக்கும் ஓரத்தை வெட்டுங்கள்.

1990இல் தென்னாப்பிரிக்காவில் முதலில் நாற்றங்காலில் கண்டறியப்பட்ட ஃபியூசேரியம் சிர்சினேட்டம் என்னும் மற்றொரு பூஞ்சை, 2005இல் மேற்குக் கேப்பின் டோக்காயில் வளர்ந்த மரங்களிலும் பிசின் வடியும் புண்ணாகத் தோன்றியது. பார்வைக்குப் பசுமையாக உள்ள நாற்றிலும் அது மறைந்திருக்கும்; ஆகவே வாடிய நாற்றுகளை மட்டும் சோதிப்பது போதாது. பூஞ்சைகளை இனங்காணப் பரவலாகப் பயன்படும் ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதி, ஃபியூசேரியம் இனங்களைப் பிரித்தறியப் பெரும்பாலும் உதவாது. புரத உற்பத்திக்கு உதவும் நீட்சிக் காரணியின் (டிஇஎஃப்1) மரபணுவையும் வாசிக்க வேண்டும்.

மரத்தின் சொந்தத் தற்காப்பு மரபணுக்களின் செயல்பாட்டை அளப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூஞ்சையின் செல்சுவரைச் சிதைக்கும் கைட்டினேஸ் போன்ற தற்காப்புப் புரதங்களின் மரபணுக்கள் பூஞ்சைக்கு மட்டுமன்றிப் பூச்சிக்கடிக்கும் காயத்துக்கும் எதிராகத் தூண்டப்படுகின்றன. முந்தைய நாள் கவாத்துச் செய்த வெட்டே அந்த அளவை உயர்த்தியிருக்கலாம். மரபணுவின் செயல்பாட்டைக் காட்டும் ஆர்என்ஏ விரைவில் சிதைவதால் மாதிரியை வெட்டிய இடத்திலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெட்டிய நேரத்தையும் உறையின்மேல் எழுத வேண்டும்.