பழைய ஆர்பிசியை லிப்டிஐஆர்பிசிக்கு மாற்றுவது எப்படி: மலையகத்து லேப் பார்ப்பவர்களுக்கு

சர்வரைப் புதிய டெபியனுக்கோ உபுண்டுவுக்கோ ஏற்றிய கையோடு, இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய ஒரு சி நிரலை மறுபடி மேக் செய்தால், ஆர்பிசி டாட் ஹெச் என்று ஒரு கோப்பே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரே ஒரு சர்வரை வைத்து, பிள்ளைகளின் கோப்புகளை எல்லாம் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகப் பழைய மெஷின்களுக்குக் கொடுத்து லேப் நடத்துகிறவர் நீங்கள் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

ஆர்பிசி என்பது ஒரு மெஷினில் ஓடும் நிரல் இன்னொரு மெஷினிலுள்ள நிரலை வேலை வாங்கும் முறை, என்எஃப்எஸ் அதன் மேல்தான் ஓடுகிறது. அந்த நெறிமுறை மாறவில்லை, அதன் நிரல் குடியிருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய ஆர்பிசி பல காலம் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சிக்குள்ளேயே இருந்தது. அதில் ஐபிவி6 ஆதரவு கிடையாது. 2020இல் வந்த ஜிலிப்சி 2.32 அந்தத் தலைப்புக் கோப்புகளையும் ஆர்பிசிஜென் கருவியையும் வெளியே எடுத்துவிட்டது, இப்போது ஆர்பிசி வேலையை லிப்டிஐஆர்பிசி என்ற தனி நூலகம் பார்க்கிறது, ஆர்பிசிஜென் ஆர்பிசிஎஸ்விசி-புரோட்டோ என்ற பொதியில் வருகிறது. ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த பழைய பைனரிகளோ தொடர்ந்து ஓடும், ஏனென்றால் அவை தேடும் பெயர்களை ஜிலிப்சி இன்னும் உள்ளே வைத்திருக்கிறது. அதனால் பதறாதீர்கள், அப்டேட் செய்த அன்றே எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

முதலில் எது எது ஆர்பிசியை நம்பி ஓடுகிறது என்று பாருங்கள். ஆர்பிசிஇன்ஃபோவை மைனஸ் பி (p) சேர்த்து ஓட்டினால் பதிவான சேவைகளின் பட்டியல் வரும். 100000 போர்ட்மேப்பர் (ஆர்பிசிபைண்ட்), 100003 என்எஃப்எஸ், 100005 மவுண்ட்டி, 100021 பூட்டு மேலாளர், 100024 ஸ்டேட்டஸ் (ஸ்டாட்டி). இதை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். ஆர்பிசி பயன்படுத்தும் உங்கள் சொந்த நிரல்களை, எந்த நூலகங்களை நம்புகின்றன என்று காட்டும் எல்டிடியில் போட்டுப் பாருங்கள்: லிப்டிஐஆர்பிசி பட்டியலில் இருந்தால் அது ஏற்கெனவே மாறிவிட்டது, இல்லையென்றால் மாற்ற வேண்டியது.

அப்புறம் பொதிகள். தோட்டத்துப் பக்கம் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், மழை பிடித்தால் அதுவும் இல்லை. அதனால் டவுனில் அதே பதிப்பு ஓடும் ஒரு மெஷினில் ஆப்ட்-கெட்டுக்கு மைனஸ் டி (d) கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள், அது நிறுவாமல் இறக்க மட்டும் செய்யும். பிறகு லேப் சர்வருக்குக் கொண்டுபோய் நிறுவுங்கள். வேண்டியவை லிப்டிஐஆர்பிசி-டெவ், ஆர்பிசிஎஸ்விசி-புரோட்டோ, ஆர்பிசிபைண்ட், பிகேஜி-கான்ஃபிக். அந்த மெஷினில் ஏற்கெனவே உள்ள சார்புப் பொதிகள் மறுபடி இறங்காது, அதனால் புதிதாக நிறுவிய மெஷினில் இறக்குவதே நல்லது.

கம்பைல் செய்யும் இடத்தில்தான் கவனம் வேண்டும். புதிய தலைப்புக் கோப்புகள் யூஎஸ்ஆர் இன்க்ளூடுக்குள் டிஐஆர்பிசி என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. அந்தப் பாதையைக் கையால் எழுதாமல், மேக்ஃபைலில் பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்டு சிஃப்ளாக்ஸையும் லிப்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு 20.04 போன்ற இடைக்காலப் பதிப்புகளில் ஜிலிப்சியின் பழைய தலைப்புகளும் இன்னும் இருக்கும். அங்கே பாதையைக் கொடுக்காமல் லிங்க் மட்டும் லிப்டிஐஆர்பிசியோடு செய்தால், கம்பைல் சத்தமில்லாமல் முடிந்துவிடும், ஆனால் இரண்டின் கட்டமைப்புகளும் ஒன்றல்ல என்பதால் ஓடும்போது நிரல் விழும். பிழைச் செய்தியோடு நிற்கும் மெஷினைவிட இது மோசம். சேவையை விவரிக்கும் டாட் எக்ஸ் கோப்பிலிருந்து ஆர்பிசிஜென் உருவாக்கிய பழைய ஸ்டப் (இடைத்தரகு சி நிரல்) கோப்புகளையும் அழித்துவிட்டு ஆர்பிசிஜென்னைப் புதிதாக ஓட்டுங்கள்.

ஆர்பிசிபைண்ட் என்பது தோட்டத்து ஆபீஸ் மாதிரி. வருகிறவர் அங்கே கேட்டால்தான் எந்த ஆள் எந்த லயத்தில் என்று தெரியும். அது எப்போதும் போர்ட் 111இல் இருக்கும். ஆனால் மவுண்ட்டி, ஸ்டாட்டி, பூட்டு மேலாளர் ஆகியவை ஒவ்வொரு முறை எழும்போதும் வேறு போர்ட்டில் போய் உட்காரலாம். கரண்ட் அடிக்கடி போய் வரும் நம் பக்கத்தில் இது பெரிய தொல்லை: காலையில் ஃபயர்வாலில் திறந்து வைத்த போர்ட், மாலை இடியோடு கரண்ட் போய் வந்த பிறகு வெறுமையாக இருக்கும், மவுண்ட் தொங்கும், சர்வர் கெட்டுவிட்டது என்று நினைப்போம். அதனால் ஈடிசிக்குள் என்எஃப்எஸ் டாட் கான்ஃப் கோப்பில் மவுண்ட்டிக்கும் ஸ்டாட்டிக்கும் நிலையான போர்ட் எண் எழுதிவிடுங்கள். பூட்டு மேலாளர் கர்னலுக்குள் இருப்பதால் அதற்குச் சிஸ்சிடிஎல் (sysctl) அமைப்பில் என்எல்எம் டிசிபி போர்ட், யூடிபி போர்ட் இரண்டையும் கொடுக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து, சேமித்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆர்பிசிஇன்ஃபோவுக்கு மைனஸ் டி (t), சர்வர் பெயர், 100003, 3 என்று கொடுத்தால் தயாராக இருக்கிறது என்ற பதில் வர வேண்டும். ஏதாவது எண் பட்டியலில் காணாவிட்டால் அந்தச் சேவையை மறுபடி தொடக்குங்கள், தன்னைப் பதிவு செய்துகொள்ளும்.

111ஐ வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் தரும் சேவை அது, அடுத்தவர் சர்வரைத் தாக்க அதைப் பயன்படுத்துவார்கள். 2017இல் ஆர்பிசிபைண்டின் நினைவகத்தைத் தூரத்திலிருந்தே நிரப்பி முடக்கும் ஓட்டையும் வெளிவந்தது, ஆகவே பழைய பதிப்பை அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

என்எஃப்எஸ் பதிப்பு 3 கேட்கும் மெஷினோ ஆர்பிசிபைண்டை நம்பும் சொந்த நிரலோ ஒன்றுகூட இல்லையென்றால் பதிப்பு 4க்கு மட்டும் போய்விடுங்கள், அதற்கு போர்ட் 2049 ஒன்று போதும், பாதித் தலைவலி அங்கேயே போய்விடும். என்எஃப்எஸ் டாட் கான்ஃப்பில் பதிப்பு 3ஐ அணைத்துவிட்டு ஆர்பிசிபைண்டை மாஸ்க் செய்யுங்கள், அதாவது எழவே முடியாதபடி பூட்டிவிடுங்கள். சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, சாக்கெட்டையும் சேர்த்து மாஸ்க் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் யாராவது 111ஐத் தொட்டதும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பிவிடும்.