மேய்ன் மாநிலத் தண்ணீர்ச் சட்டங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிபாயிக் என்று ஓர் ஊர். அமெரிக்காவின் வடகிழக்கு முனையில், மேய்ன் மாநிலத்தில், பாசமக்குவாடி பழங்குடியினர் வாழும் இடம். அங்கே பல பத்தாண்டுகளாகக் குழாயில் பழுப்புத் தண்ணீர் வருவது சகஜமாக இருந்தது. பாய்டன் ஏரியிலிருந்து வரும் தண்ணீரில் இலைதழை, பாசி என்று மக்கிய பொருட்கள் அதிகம், கிருமியைக் கொல்ல அதில் குளோரின் போட்டால் அவற்றோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் என்ற நச்சு உண்டாகிறது.

இதைக் கேட்டதும் பலரும் செய்யும் முதல் தவறு, இது வெறும் சுத்திகரிப்புப் பிரச்சினை என்று நினைப்பது. நல்ல ஃபில்டர் போடலாமே, வேறு கிணறு வெட்டலாமே? வெட்டலாம்தான். ஆனால் பக்கத்தில் தங்களுக்கே சொந்தமான நிலத்தில் நிலத்தடி நீரை எடுக்கவும் மாநிலத்தின், உள்ளூர் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருந்தது. அதை மாற்ற 2022 ஏப்ரலில் தனியாக ஒரு சட்டமே போட்டார்கள். கிணறு வெட்ட ஒரு சட்டம்! அங்குள்ள தண்ணீர் வாரியத்துக்குச் சொத்துவரி விலக்கும் அந்தச் சட்டத்தில்தான் வந்தது.

ஏன் இப்படி என்றால் 1980-க்குப் போக வேண்டும். நில உரிமை வழக்கை முடிக்க அன்று போட்ட ஒப்பந்தச் சட்டத்தில் பழங்குடிகளுக்கு 8 கோடியே 15 லட்சம் டாலர் கிடைத்தது, பதிலுக்கு மாநிலம் அவர்களைப் பெரும்பாலும் நகராட்சி போலவே நடத்தும் நிலை வந்தது. அதைவிடப் பெரிய அடி வேறு: அதற்குப் பிறகு பழங்குடிகளின் நன்மைக்காக வரும் ஒன்றிய அரசின் சட்டம் எதுவும், மேய்னின் அதிகாரத்தைத் தொடுவதாக இருந்தால், அங்கே செல்லாது. நாடாளுமன்றம் மேய்னைப் பெயர் சொல்லிச் சேர்த்தால் மட்டும்தான் செல்லும்.

இங்கேதான் இரண்டாவது தவறு. ‘அமெரிக்கப் பழங்குடி உரிமை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நியூ மெக்சிகோவில் இஸ்லெட்டா பியூப்லோ மக்கள் தங்கள் ஆற்றுக்குத் தாங்களே தர அளவு வகுத்தார்கள். மேலே இருக்கும் ஆல்புகர்க்கி நகரம் வழக்குப் போட்டும் 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடிகள் பக்கமே நின்றது. மேய்னில் இருக்கும் வபனாக்கி மக்களுக்கு (பாசமக்குவாடியும் பெனாப்ஸ்காட்டும் அதில் அடங்கிய பழங்குடிகள்) அந்தக் கதவு மூடியே கிடக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதும் எந்தக் கட்டுரையும் பாதிக் கட்டுரைதான்.

அப்புறம் பி.எஃப்.ஏ.எஸ், அதாவது அழியா ரசாயனங்கள். கழிவுநீர்ச் சேற்றை உரம் என்று நம்பி வயலில் கொட்டியதால் மேய்னில் பல பண்ணைகளின் மண்ணும் கிணறும் கெட்டுப்போயின. நம் வீடுகளில் தண்ணீர் என்றாலே கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கச் சொல்வோம், ஆனால் தயவுசெய்து இதற்கு அந்த வைத்தியம் வேண்டாம், கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ரசாயனம் அப்படியே தங்கி அடர்த்தி கூடும். கரி வடிகட்டியோ ஆர்.ஓ.வோதான் வழி.

சட்ட அளவு வந்துவிட்டது, இனி எல்லார் தண்ணீரும் பத்திரம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 2021-ல் மேய்ன் வைத்த இடைக்கால வரம்பு ஆறு பி.எஃப்.ஏ.எஸ் ரசாயனங்களுக்கும் சேர்த்து லட்சம் கோடியில் 20 பங்கு, அதாவது லிட்டருக்கு 20 நானோகிராம். பொதுக் குடிநீர் அமைப்புகள், பள்ளிகள் போன்றவற்றுக்குத்தான் அது கட்டாயம். சொந்தக் கிணற்றுக்கு இல்லை, மேய்னிலோ சொந்தக் கிணற்றை நம்பி இருப்பவர்கள் ஏராளம். 2024-ல் ஒன்றிய அரசு முக்கியமான இரண்டு ரசாயனங்களுக்குத் தலா 4 பங்கு என்று இறக்கியது. ஆக, 20 என்பதைப் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது.

தடைச் சட்டத்தில் தேதியையும் பாருங்கள். வயலில் சேறு கொட்டுவதை 2022-ல் மேய்ன் தடை செய்தது, நாட்டிலேயே முதல் மாநிலம் அதுதான், நல்ல காரியம். பொருட்களில் பி.எஃப்.ஏ.எஸ் கூடாது என்ற 2021-ம் ஆண்டுச் சட்டத்துக்கு வைத்த கெடு 2030. 2024-ல் திருத்தம் வந்து அதுவும் பொதுவாக 2032-க்குப் போனது.

தண்ணீர் என்றால் டம்ளர் மட்டும் என்று நினைக்கவும் கூடாது. ஆற்று மீனைச் சாப்பிட்டே வாழும் குடும்பத்துக்கு விஷம் தட்டு வழியாகவும் வரும். பழங்குடிகள் பல ஆண்டு போராடியபின் 2019-ல்தான், நாளைக்கு 200 கிராம் மீன் சாப்பிடுபவரை மனதில் வைத்து சில நீர்நிலைகளின் தரத்தை நிர்ணயிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது.

அவையில் நிறைவேறியது என்ற செய்தியைப் பார்த்தவுடன் வாழ்த்துப் பதிவு போடுவது அடிக்கடி நடக்கிறது. ஒன்றிய அரசின் நலச்சட்டங்களை வபனாக்கி மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 2023-ல் ஒரு மசோதா மேய்ன் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் ஜேனட் மில்ஸ் அதை ரத்து செய்தார். மீட்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கீழவையில் கிடைக்கவில்லை, அதோடு போயிற்று. அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்பதால், நம்மூர் ஆளுநர் கணக்கில் இதைப் படிக்கக் கூடாது.

இன்னொன்று, பெயரை வைத்து உரிமையை முடிவு செய்யாதீர்கள். பெனாப்ஸ்காட் என்பது ஆற்றின் பெயர், அந்த மக்களின் பெயரும் அதுதான். 2021-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆற்றில் இருக்கும் தீவுகள்தான் அவர்களின் ஒதுக்கீட்டு நிலம், சுற்றி ஓடும் ஆறு அதில் சேராது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.