ஸ்காட்லாந்து மலைநாட்டு ரயில் சுற்றுலா: பணம் கட்டும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக்குக் கூட்டிப் போக நினைத்தால், வழிகாட்டியுடன் போகும் குழு ரயில் சுற்றுலா நல்ல வழி. குறுகலான மலைச் சாலையில் கார் ஓட்ட வேண்டாம், ஹோட்டல் தேட வேண்டாம். வயதானவர்களுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகிற சுகம். ஆனால் இந்தச் சுற்றுலாக்களில் ஏமாற்றம் பெரும்பாலும் வழியில் வருவதில்லை, பணம் கட்டிய அன்றே வந்துவிடுகிறது.

முதல் தவறு, 'ரயில் சுற்றுலா' என்ற தலைப்பை மட்டும் பார்த்துப் பதிவு செய்வது. பல திட்டங்களில் ரயில் ஒரே ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் பஸ். பஸ் பயணம் மோசம் என்று சொல்லவில்லை. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் சாலை கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது, அதுவே ஒரு பெரிய காட்சி. ஆனால் ரயில் பாதை வேறு பக்கம் போகிறது. 1894-ல் திறந்த வெஸ்ட் ஹைலேண்ட் பாதை, ரானக் என்ற பரந்த சதுப்பு நிலத்தை நேராகக் கடக்கிறது. அங்கே தண்டவாளத்துக்கு உறுதியான அடித்தளம் கிடைக்காததால் சுள்ளிக்கட்டுகளையும் மண்ணையும் சாம்பலையும் போட்டு, அதன்மேல் மிதக்கிற மாதிரிதான் பாதையை அமைத்தார்கள். சதுப்பின் ஓரத்தில் கோரூர் என்றொரு நிலையம். கடல் மட்டத்திலிருந்து 408 மீட்டர். பிரிட்டனின் முக்கிய ரயில் பாதைகளில் இதைவிட உயரத்தில் இருக்கும் நிலையம் கிடையாது. பொதுச் சாலை எதுவும் அங்கே போகாது. பஸ்ஸில் போனால் இந்த இடத்தைப் பார்க்கவே முடியாது.

அதனால் பயணத்திட்டத்தை வாங்கி ஒவ்வொரு நாளுக்கும் எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை ரயில், எத்தனை மணிக்கு, எந்த ரயில் என்று கேளுங்கள். 'கண்கவர் பயணம்' என்று பொத்தாம் பொதுவாகப் பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். கிளாஸ்கோவிலிருந்து கடற்கரை ஊரான மலெய்க் வரை சுமார் 264 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்னைக் கேட்டால் இதன் பெரும்பகுதி, அதாவது ஃபோர்ட் வில்லியம் வரையிலான தூரம், இல்லாத திட்டத்தை ரயில் சுற்றுலா என்று சொல்லவே கூடாது.

அடுத்தது நீராவி ரயில் மோகம். ஃபோர்ட் வில்லியத்துக்கும் மலெய்க்குக்கும் நடுவே ஓடும் ஜாக்கோபைட் நீராவி ரயிலும், அது கடக்கும் கிளென்ஃபின்னன் பாலமும் சினிமாவில் வந்து உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டன. பாலத்துக்கு 21 கமான் வளைவுகள், சுமார் 30 மீட்டர் உயரம். உள்ளே இரும்புக் கம்பி இல்லாமல் வெறும் கான்கிரீட்டில் கட்டியது. 1901-ல் இந்தப் பகுதி திறந்தது முதல் இன்றுவரை ரயில்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பலர் பண்ணும் தவறு, விளம்பரத்தில் இருக்கும் அந்தப் படத்தை ரயிலுக்குள்ளிருந்து எடுக்கலாம் என்று நினைப்பது. பாலம் வளைந்து போவதால் முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் வளைவு தெரியும், அவ்வளவுதான். புகை விட்டுக்கொண்டு ரயில் பாலத்தின்மேல் போகிற முழுக்காட்சி வேண்டுமென்றால் கீழே, மலைச்சரிவில் நிற்க வேண்டும். ரெண்டில் எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். ரெண்டும் வேண்டுமென்றால் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கும் திட்டமாகப் பாருங்கள்.

இன்னொன்று, நீராவி ரயில் ஆண்டு முழுவதும் ஓடாது. வசந்தத்தில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். 2024-ல் பெட்டிக் கதவுகளின் பூட்டு சம்பந்தமான பாதுகாப்பு விதியால் சீசனே தாமதமாகத்தான் தொடங்கியது. அது ஓடாத நாளில் மாற்று ஏற்பாடு என்ன, பணம் கொஞ்சமாவது திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாற்றாகச் சாதாரண டீசல் ரயிலில் கூட்டிப் போனால் வருத்தப்பட வேண்டாம். அதே பாதை, அதே பாலம்.

இருக்கை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து வடக்கே போகும்போது முதலில் இடது பக்கம் கேர் லாக், லாக் லாங் என்று கடல் உள்ளே புகுந்த நீர்ப்பரப்புகள் வரும். அப்புறம் வலது பக்கம் லோமண்ட் ஏரி. கோரூர் தாண்டியதும் மறுபடி இடது பக்கம் டிரெய்க் ஏரி. மொத்தத்தில் இடது பக்கம் நல்லது. ஆனால் ஃபோர்ட் வில்லியம் நிலையத்தில் பாதை முடிந்துவிடுகிறது. மலெய்க் போக வேண்டிய ரயில் அங்கிருந்து வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். இதுவரை இடது பக்கம் இருந்தவர் இப்போது வலது பக்கம்! கிளென்ஃபின்னன் பாலத்தின் வளைவும் ஷீல் ஏரியும் நன்றாகத் தெரிவது இடது பக்கத்திலிருந்துதான். ரயில் நின்றதும் எழுந்து எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். குழுவுக்கு இருக்கை எண் ஒதுக்கியிருந்தால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, எதிரே இருப்பவரோடு பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

இருக்கை தேடி வேறு பெட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து கிளம்பும் ரயில்களில் பல, கிரியன்லாரிக் நிலையத்தில் ரெண்டாகப் பிரியும். ஒரு பகுதி ஃபோர்ட் வில்லியம், மலெய்க் பக்கம் போகும், இன்னொன்று ஒபன் நகருக்குப் போகும். காலியான ஜன்னல் கிடைத்தது என்று அடுத்த பெட்டியில் போய் உட்கார்ந்த அம்மா, குழுவை விட்டுவிட்டு ஒபன் போய்ச் சேர்ந்துவிடலாம். பெட்டி மாறும் முன் அது எந்த ஊர்ப் பெட்டி என்று பாருங்கள், வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரானக் பக்கம் போனில் சிக்னல் கிடைப்பது கஷ்டம், பிறகு கூப்பிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட முடியாது.

நேரமும் அப்படித்தான். குழு பஸ் பத்து நிமிடம் காத்திருக்கும், ரயில் காத்திருக்காது. மலெய்க் பாதையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு ரயில்கள்தான். விட்டால் அடுத்தது பல மணி நேரம் கழித்து. மலெய்க்கில் நீராவி ரயில் நிற்கும் இடைவெளியில் படகேறி ஸ்கை தீவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். படகில் போகவர மட்டுமே அந்த நேரம் போய்விடும். துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றி நிம்மதியாகச் சாப்பிட்டு வாருங்கள். ஸ்கை தீவுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

எப்போது போவது? விலை குறைவு என்று டிசம்பரில் பதிவு செய்தால் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும், காற்றில்லாத ஈரமான மாலைகளில் ரொம்ப மோசம். மேற்கு மலைப்பகுதியில் மழையும் ஓரளவு குறைவாக இருக்கும் மே மாதம்தான் என் தேர்வு. அப்போதும் மழைக்கோட்டு இல்லாமல் போகக் கூடாது.

இந்தப் பாதையில் ஓடுபவை சின்ன ரயில்கள், பெரிய பெட்டி வைக்க இடம் குறைவு. ஒருவருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். அதைத் தானே தூக்கிப் படியேற முடிய வேண்டும், அல்லது சாமான்களை ஹோட்டலுக்கு ஹோட்டல் கொண்டுபோய்ச் சேர்க்கும் திட்டமாக இருக்க வேண்டும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மீன், முட்டையும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும், அவர்களாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். சின்ன ஊர்களில் இரவு ஒன்பதுக்குள் சமையலறையை மூடிவிடுகிற இடங்கள் உண்டு. கையில் கொஞ்சம் புளியோதரையும் பழமும் இருப்பது நல்லது.

கடைசியாகப் பணம். தனியாகப் போகிறவருக்கு ஒற்றை அறைக்கான கூடுதல் கட்டணத்தை விளம்பர விலையில் காட்டாமல் இருக்கலாம், மொத்தத்தைக் கேளுங்கள். ரயிலும் ஹோட்டலும் சேர்த்து விற்கும் நிறுவனம் திவாலானாலும் உங்கள் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டை அது செய்திருக்க வேண்டும் என்று 2018-ன் பிரிட்டன் சட்ட விதிகள் சொல்கின்றன. அந்தப் பாதுகாப்பை யார் தருகிறார்கள் என்ற பெயர் ரசீதிலோ ஒப்பந்தத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர் ஆள் சேர்க்கிறார் என்றாலும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு காப்பீட்டுத் தொகை கேட்கும்போது சிக்கல். விசா வந்த பிறகே திரும்பக் கிடைக்காத முன்பணத்தைக் கட்டுங்கள்.