ஃப்ளோரிடா வகுப்பில் எதைப் பேசலாம்: புது ஆசிரியர்களுக்கு

ஃப்ளோரிடா அரசுப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, தன்பாலின ஈர்ப்புன்னு வாயைத் திறந்தாலே வேலை போயிடுமா?" என்பதுதான். போகாது. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல் மாநிலச் சட்டத்தின் 1001.42 பிரிவைத் திறந்து படியுங்கள். தடை, பாலின அடையாளம், பாலீர்ப்பு பற்றிப் பாடம் நடத்துவதற்கு. 2022-இல் மூன்றாம் வகுப்பு வரை இருந்ததை 2023-இல் எட்டாம் வகுப்பு வரை நீட்டினார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநிலக் கல்வி வாரியத்தின் விதி இருக்கிறது: பாடத்திட்டம் கேட்டால் ஒழியப் பாடமாக எடுக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு 2024 மார்ச்சில் சமரசமானபோது மாநிலமே ஒப்புக்கொண்டது இது: பிள்ளைகள் தாங்களாகப் பேசுவதும், கட்டுரையில் எழுதுவதும், கதையில் போகிற போக்கில் தன்பாலின ஈர்ப்புள்ள ஒருவர் வருவதும் பாடம் நடத்துவது ஆகாது. கேலி செய்பவனைக் கண்டிப்பதற்கும் தடையில்லை.

அதனால் 'என் குடும்பம்' படத்தில் ஒரு குழந்தை இரண்டு அம்மாக்களை வரைந்தால், மற்ற படங்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்துப் பையன் "ஏன் ரெண்டு அம்மா?" என்றால், "அவ வீட்டுல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போங்கள். அரை மணி நேர விளக்கம் வேண்டாம். "ஷ்ஷ்" என்று அடக்கவும் வேண்டாம். அடக்கினால் அந்தக் குழந்தைக்குத் தன் வீட்டில் ஏதோ தப்பு என்று தோன்றிவிடும். என்னைக் கேட்டால், சட்டம் அடைத்த வாயைவிடப் பயம் அடைத்த வாய்தான் அதிகம்.

அன்றே தேதி, கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில் மூன்றையும் இரண்டு வரியில் முதல்வருக்கு மின்னஞ்சல் செய்துவிடுங்கள். பெற்றோர் புகார் தந்தால் பள்ளி 7 நாளில் தீர்க்க வேண்டும். முடியாவிட்டால் மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு 30 நாள். அதற்கும் மேல் பெற்றோர் நீதிமன்றம் போகலாம். அப்போது உங்கள் நினைவைவிட அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

புத்தக விஷயம் வேறு, அதில்தான் கவனம் தேவை. பாடத்துக்குப் பயன்படுத்தாத நூலகப் புத்தகம் இந்தத் தடைக்குள் வராது. ஆனால் பாலுறவைச் சித்தரிக்கிறது என்று யாராவது ஆட்சேபித்தால், வேறொரு சட்டப்படி 5 பள்ளி நாட்களுக்குள் எடுத்துவைத்துவிட்டுத்தான் விசாரணை. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவரும் புத்தகத்தையும் பள்ளி நூலகரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வகுப்பு அலமாரியில் வையுங்கள்.