எழுத்து கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒருநாள் மாநாடு நடத்துவது எப்படி?

'எழுத்துத்திறன் மேம்பாடு: ஒரு பார்வை' என்று பதாகை அடித்தால் பேச்சாளர் வருவார், தன் பார்வையைச் சொல்வார், பொன்னாடையோடு போய்விடுவார். வட்டார அளவில் 40 தமிழாசிரியர்களைக் கூட்டுவதானால் தலைப்பைக் கேள்வியாக வையுங்கள். 'ஒன்பதாம் வகுப்பு மாணவர் முழுக் கட்டுரையையும் ஒரே பத்தியாக எழுதி முடிப்பது ஏன்?' என்பது போல ஒரு கேள்வி ஒரு நாளுக்குப் போதும். இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

நாள் குறிப்பதில் பலர் சறுக்குகிறார்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, இடையில் மழை விடுமுறை. பொங்கலுக்குப் பிறகு பொதுத்தேர்வைத் தவிர வேறு எதுவும் யார் காதிலும் விழாது. ஜூலை கடைசி வாரம் தோதானது. உள்ளூர் ஆடித் திருவிழா விடுமுறையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி. (அன்று பணியில் இருந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்குமா என்பதை அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் சனிக்கிழமைதான், அப்போது 40 பேரில் 25 பேர் வந்தாலே நல்ல கூட்டம்.

மாநாட்டின் முதுகெலும்பு பேச்சாளர் அல்ல, மாணவர் எழுதிய தாள். அதை மூன்று வாரம் முன்பே சேகரிக்கத் தொடங்க வேண்டும். வரும் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே எழுத்துப்பணியை அனுப்புங்கள். 'நூலகத்தின் பயன்கள்' போன்ற தலைப்பு வேண்டாம்; கைடில் இருப்பது அப்படியே 40 பள்ளியிலிருந்தும் வந்து சேரும். 'காலை 6 மணிக்கு உங்கள் தெருவில் என்னென்ன ஒலிகள் கேட்கின்றன?' என்று கேளுங்கள். அதற்கு எந்த கைடிலும் விடை இல்லை. தாள்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஆசிரியரிடம் விட்டால் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் தாள்தான் வரும். வருகைப் பதிவேட்டில் 5, 10, 15, 20, 25 ஆகிய வரிசை எண்ணில் இருப்பவர்களின் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அவற்றில் மூன்றை எடுத்துப் பெயர், பள்ளி, ஊர் இருக்கும் இடங்களில் காகிதத் துண்டு ஒட்டி, பிறகு ஜெராக்ஸ் எடுங்கள். பேனாவால் அடித்தால் வெளிச்சத்தில் தெரியும். வீட்டுச் சண்டை, கடன், நோய் பற்றிப் பிள்ளை எழுதியிருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிடுங்கள். பெயரை மறைத்தாலும் அதே ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். 40 பேருக்கு மூன்று தாள், உதிரியாக ஒவ்வொன்றிலும் 5 என மொத்தம் 135 பக்கம்.

இன்னொரு வேலையும் உண்டு. முதல் தாளைத் தட்டச்சு செய்து 20 படி தனியாக எடுங்கள். பிள்ளை செய்த பிழைகள் அப்படியே இருக்க வேண்டும். தட்டச்சு செய்பவர் கை தானாகவே விடுபட்ட ஒற்றெழுத்தைச் சேர்த்துவிடும், 'ள'வை 'ழ' ஆக்கிவிடும். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எதற்கு இது என்பது கீழே வருகிறது.

இடத்துக்கு, பெஞ்சு வரிசையாகப் போட்ட வகுப்பறையைவிடச் சத்துணவுக் கூடம் மேல். ஐவர் ஐவராக எட்டு வட்டம் போட்டு உட்கார முடியும்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடிதான். அதற்குப் பின் வரும் வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரைதான் ஒன்றரை மணி நேரத்தை விழுங்குகின்றன. மொத்தத்துக்கும் 10 நிமிடம் ஒதுக்கி, அதிகாரியிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். 9.45-க்கு எல்லோர் கையிலும் பேனா இருக்க வேண்டும்: பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே கேள்விக்கு ஆசிரியர்கள் 20 நிமிடம் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டட்டும். எழுத்தைக் கற்பிப்பவர் தானும் எழுத வேண்டும் என்பது 1974-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய பே ஏரியா எழுத்துத் திட்டத்தின் அடிப்படை. 'நாங்கள் எதற்கு எழுத வேண்டும்?' என்று சிலர் நெளிவார்கள். முதல் வரிக்காக ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்தவர் மறுநாள் வகுப்பில் 'சீக்கிரம் எழுது' என்று அதட்ட மாட்டார்.

10.30-க்கு மதிப்பிடும் பகுதி. முதல் தாளின் கையெழுத்துப் படியை நான்கு வட்டங்களுக்கும், தட்டச்சுப் படியை மற்ற நான்குக்கும் கொடுங்கள். இரண்டும் ஒரே தாள் என்று சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கட்டுரை போல 8-க்கு மதிப்பெண் போடட்டும். பேச்சு கூடாது, ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. எல்லா மதிப்பெண்களையும் கரும்பலகையில் கையெழுத்துப் படிக்கு ஒன்று, தட்டச்சுப் படிக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள், எடுத்தால் பேச விஷயமே இருக்காது. ஒருவர் 3 போட்டிருப்பார், இன்னொருவர் 7. அந்த இருவரையும் முதலில் பேசவிடுங்கள். 3 போட்டவர் பெரும்பாலும் ர, ற பிழையையும் சந்திப்பிழையையும் எண்ணியிருப்பார். 7 போட்டவர் பிள்ளை சொன்ன செய்தியைப் பார்த்திருப்பார். கடைசியாக, இரண்டு படியும் ஒருவர் எழுதியதே என்று சொல்லுங்கள். கையெழுத்து எத்தனை மதிப்பெண்ணைத் தின்கிறது என்பதை அவர்களே பலகையில் பார்த்துக்கொள்வார்கள். மற்ற இரு தாள்களில் முதலில் கருத்துக்கு மட்டும், பிறகு மொழிக்கு மட்டும் எனத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

தேநீருக்குப் பின் கட்டுரை வாசிப்பு. ஒன்பது பேர் வாசிக்கும் அரங்கில் ஒருவரும் கேட்பதில்லை. மூன்று பேர் போதும்; ஆளுக்கு 12 நிமிடம், கேள்விக்கு 8 நிமிடம். ஆய்வுச் சுருக்கத்துக்குப் பதிலாக நான்கு விவரம் கேளுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், ஒரே பிள்ளையின் முதல் வரைவும் இரண்டாம் வரைவும். இரண்டாம் வரைவு இல்லாதவரைத் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பலாம். முதல் வரைவு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை மட்டுமே காட்டும். ஆசிரியர் சொல்லித்தந்தது இரண்டாவதில்தான் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பின் உரை வைத்தால் பாதிப் பேர் கண்ணயர்வார்கள். கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். 'நன்று', 'முயற்சி தேவை' இரண்டுக்கும் தடை. பிள்ளையின் ஒரு வரியைக் காட்டி ஒரு பாராட்டு, அடுத்து ஒரு கேள்வி, அவ்வளவே. 'பால்காரர் ஹாரன் அடிச்சாரு. நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்' என்று ஒரு பிள்ளை எழுதினால், 'போர்வையை இழுத்த இடத்தில் உன்னைப் பார்த்தேன். போர்வைக்குள் அடுத்து என்ன சத்தம் கேட்டது?' என்று எழுதலாம்.

இங்கே பேச்சுவழக்கு பற்றிய சண்டை வரும், வர வேண்டும். 'அடிச்சாரு'வை முதல் வரைவிலேயே சிவப்பால் அடித்தால், அடுத்த முறை பிள்ளை தனக்குத் தெரிந்த பாதுகாப்பான நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளும். முதல் வரைவில் விட்டுவிட்டு, இரண்டாம் வரைவில் எழுத்து வழக்குக்கு மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்; மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். '45 நோட்டுக்கு இப்படி எழுத நேரம் ஏது?' என்று கேட்பவருக்குக் கணக்குச் சொல்லுங்கள்: ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 135 நிமிடம். நாளுக்கு 9 நோட்டாகப் பிரித்தால் 27 நிமிடம், வாரத்தில் முடிந்துவிடும்.

3.15-க்கு, அடுத்த வாரம் எந்த வகுப்பில் எந்த எழுத்துப்பணி, எந்தத் தேதியில் என்று ஆளுக்கொரு அட்டையில் எழுதி வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழை 4 மணிக்கு முன் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தால் மாலையில் காலி நாற்காலிகளோடுதான் பேச வேண்டும். கடைசி டவுன் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கு அரைமணி முன்பே முடித்துவிடுங்கள்.

நான்கு வாரம் கழித்து, அட்டையில் எழுதியதைச் செய்தவர்கள் மட்டும் ஆளுக்கு இரண்டு வரைவுடன் குறுவள மையத்தில் (அருகருகே உள்ள பள்ளிகளுக்கான பொது மையம்) ஒன்றரை மணி நேரம் கூடட்டும். 40 பேரில் 12 பேர் வந்தாலும் நடத்துங்கள். அதுவரை வாட்ஸ்அப் குழுவில் பெயர் மறைத்த மாணவர் தாள்களின் படம் மட்டும். காலை வணக்கப் பூங்கொத்துகள் வேண்டாம்.