ரோமானியரை அயர்லாந்துக்குள் இறக்குவது எப்படி? நீலகிரியிலிருந்து எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

நடக்காத வரலாற்றை எழுத விரும்புவோர், நடந்த வரலாற்றில் எளிதில் வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடிய ஓரிடத்தை முதலில் தேட வேண்டும். ரோமானியர் அயர்லாந்தின் மீது படையெடுத்திருந்தால் என்ற கற்பனைக்கு அந்த இடம் கி.பி. 82 அளவில் கிடைக்கிறது. பிரிட்டனின் ஆளுநர் அக்ரிகோலா அயர்லாந்தை நோக்கிய கரையில் படை நிறுத்தியதையும், உட்பூசலில் துரத்தப்பட்ட அயர்லாந்துச் சிற்றரசன் ஒருவனை நட்பின் பெயரால் தம்மிடம் வைத்திருந்ததையும், ஒரு லெஜியனும் (சுமார் ஐயாயிரம் வீரர் கொண்ட ரோமப் படைப்பிரிவு) சிறிது துணைப்படையும் இருந்தால் அத்தீவைப் பிடித்துவிடலாம் என்று அடிக்கடி சொன்னதையும் அவருடைய மருமகன் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிற்றரசனை விட்டுவிடாதீர்கள். ஆற்காட்டு நவாபுகளின் வாரிசுச் சண்டையைப் படித்த நமக்கு, அரியணையை மீட்டுத் தருவதாகச் சொல்லி அந்நியப் படை உள்ளே வருவது புதிதல்ல.

மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அக்ரிகோலா வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த கலிடோனியர் மீது போகாமல் மேற்கே கப்பலேறினார் என்று மட்டும் மாற்றிவிட்டு, ரோமின் மற்றக் கவலைகளை இருந்தபடியே விடுங்கள். சில ஆண்டுகளில், டானூப் ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த டேசியர் அதைக் கடந்து ரோம ஆளுநர் ஒருவரைக் கொல்வார்கள். பிரிட்டனிலிருந்து ஒரு லெஜியன் அங்கே அழைக்கப்படும். நடந்த வரலாற்றில், ஸ்காட்லாந்தில் இன்ச்டூதில் என்ற இடத்துக் கோட்டையை முடிக்காமலே விட்டுச் சென்ற ரோமானியர், ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பாணிகளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். உங்கள் கதையில் அந்த ஆணிகள் அயர்லாந்து மண்ணில் கிடக்கலாம். தீவைப் பிடிப்பார்களா என்பதைவிட எத்தனை ஆண்டு தாங்குவார்கள் என்ற கேள்வியில்தான் கதை இருக்கிறது என்பது என் கருத்து.

நிலத்தை எழுத நீலகிரிக்காரர்கள் தொலைவு போக வேண்டாம். மழைக்காலத்தில் அவலாஞ்சிப் பக்கத்துப் பள்ளங்களில் பசும்புல் தரையைப் போலத் தெரியும் சதுப்பில் காலை வைத்தால், கறுத்த சேறு முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும். அயர்லாந்தின் நடுப்பகுதியில் இத்தகைய சதுப்பு பெரும்பரப்பில் கிடக்கிறது. அதைக் கடக்க அந்நாட்டார் கி.மு. 148-இல் வெட்டிய ஓக் மரங்களைக் கொண்டு கோர்லியாவில் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். ஆகவே ரோமானியர் வந்துதான் சாலை என்பதைக் காட்டினார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது வரி. நகரமும் நாணயமும் இல்லாத நாட்டில் எதை வசூலிப்பது? தோடர் குடியிருப்பான மந்தில் எருமை எப்படியோ, அயர்லாந்தில் மாடு அப்படி. இன்றைய நெதர்லாந்துக் கரையில் வாழ்ந்த ஃபிரீசியரிடம் தோலாக வரி வாங்கிய ரோம அதிகாரி ஒருவர் காட்டெருதின் தோலை அளவாக வைத்ததால், அவர்கள் முதலில் மாடுகளையும் பிறகு நிலத்தையும் இழந்து, கி.பி. 28-இல் கிளர்ந்தெழுந்தார்கள். உங்கள் கதையின் கலகத்துக்கு இதைவிட நல்ல விதை வேண்டாம்.

சான்றுகளைக் கையாள்வதில் நிதானம் தேவை. மலைக்குக் கீழே, கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமக் காசுகள் கிடைத்தன. அதற்காக ரோமப் படை நொய்யலில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியதாக யாரும் எழுதுவதில்லை. டப்ளினுக்கு வடக்கே ட்ரமனாவில் கிடைத்த ரோமப் பொருள்களும் வணிகத்தால் வந்திருக்கலாம்.

கடைசியாக, அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய ஐந்தாம் நூற்றாண்டின் புனித பாட்ரிக்கை என்ன செய்வதென்று முடிவெடுங்கள். அவர் பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக் கொள்ளையரால் பிடித்துச் செல்லப்பட்டவர். உங்கள் ரோமானியர் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிட்டால் அவர் கதை பெரிதாக மாறாது. முந்நூறு ஆண்டுகள் தங்கிவிட்டால், அவரைப் பிடித்துச் செல்லக் கொள்ளையரே இருக்கமாட்டார்கள்.